மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஈயம்

பொருள் கனமாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள வெளி வளையும் என்றும், அதற்குக் கிட்ட நேரம்கூட மெதுவாகப் போகும் என்றும் எனக்கு முதன்முதலில் சொன்னது அக்காதான். சொல்லும்போது அவள் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது, அவளுக்குப் பதினெட்டு. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை போன முதல் ஆள் அவள் என்பதால், அவள் சொல்வதை மறுத்துப் பேசும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. அம்மா மட்டும், "முதல்ல செதிலை வடிவாச் சுரண்டு. வெளி பிறகு வளையட்டும்" என்றார்.

அக்கா படித்தது மன்னார் டவுனில். எங்கள் கடற்கரையிலிருந்து நாலு கட்டை தூரம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்க வந்தவர் பாதி வருசத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் விஞ்ஞானக் கண்காட்சிக்கு உயர்தரப் பிள்ளைகள் எல்லாரையும் களிமண்ணில் சிறுநீரகமும் இருதயமும் செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா போன வருசமும் சிறுநீரகம்தான் செய்தவள். இந்த முறை செய்யமாட்டேன் என்று அதிபரிடமே போய்ச் சொல்லியிருக்கிறாள். வாசிகசாலையில் எடுத்த, மட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் இழுத்துக் கட்டிய சீலையின் நடுவே ஒரு குண்டு இருப்பதுபோல் படம் ஒன்று இருந்தது. அதைத்தான் செய்து காட்டப்போகிறாள். அதிபர் யோசித்துவிட்டு, "சரி, செய். ஆனா நடுவர்மார் வரேக்க அது வேலை செய்யவேணும். இல்லாட்டி உன்னைச் சிறுநீரகத்தோட கொண்டுபோய் நிப்பாட்டுவன்" என்றாராம். அந்தச் சொல் அவளை நித்திரை கொள்ள விடவில்லை.

மாட்டுவண்டில் சில்லின் இரும்பு வளையம் ஒன்று கோயிலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். அப்பாவின் பழைய பெனியன் இரண்டையும் அக்காவின் விளையாட்டுச் சட்டையையும் வெட்டிச் சேர்த்துத் தைத்து, மேளத்துக்குத் தோல் போர்ப்பதுபோல வளையத்தில் இழுத்துக் கட்டினாள். நாலு கதிரைகளுக்கு மேலே அதைத் தூக்கி வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை, நடுவில் வைக்கக் கனமான பொருள் இல்லை.

தேங்காய் வைத்துப் பார்த்தாள். சீலை கொஞ்சம் தளர்ந்ததே தவிரப் பள்ளம் விழவில்லை. அம்மிக் குழவி உருண்டு என் காலில் விழப் பார்த்தது. நண்டு நிறுத்து எடுக்கிறவரின் படிக்கல்லைக் கேட்டேன். அவர் அதை ஒரு நாளும் கைவிடமாட்டார். கல் தேடலாம் என்றால், எங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் மணல்தான் வரும். அக்கா வளையத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, "எங்கட ஊரில கனமான சாமான் ஒண்டுமே இல்லையோ" என்று தன்பாட்டில் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்பாவின் நண்டு வலை வேலிக் கம்பில் காய்ந்துகொண்டிருந்தது. நண்டு வலை கடலின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். அதற்காக அதன் அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டுகளை நூலால் கட்டியிருப்பார்கள். ஈயம் குறைந்தால் வலையின் அடி எழும்பி ஆடும், நண்டு கீழால் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நீர்வாடு, அதாவது கடலின் நீரோட்டம், சரியில்லை, புதன்கிழமைதான் இனி வலை போடுவது என்று அப்பா சொன்னதும் தெரியும். கண்காட்சி செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பின்னேரம் எல்லாவற்றையும் திருப்பிக் கட்டிவிடலாம். சனியும் ஞாயிறும் வேலியடியில் இருந்து, ஒன்று விட்டு ஒன்றாகக் கழற்றி, நூலை அந்தந்த இடத்திலேயே முடிந்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்தால்தான் களவு, ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் இரவல் என்று ஏதோ ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. அப்பா கலியாணத்துக்குக் காலில் போட்ட மேஸ் ஒன்றுக்குள் அவற்றைப் போட்டு, இறுக்கி முடிந்து, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எங்கால எடுத்தனி?"

"மாமாட்ட."

மாமா என்பது அம்மாவின் தம்பி. மூன்று வளவு தள்ளி இருந்தார். அப்பாவும் அவரும் ஒரே வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போவார்கள். மாமாவிடம் எப்போதும் ஏதாவது இருக்கும் என்பதால் அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை.

மேஸ் உருண்டை ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான். ஆனால் அதைச் சீலையின் நடுவில் வைத்ததும், தேங்காய்க்கு அசையாத சீலை ஆழமாக இறங்கிவிட்டது. அக்கா நான் விளையாடும் கண்ணாடிப் போளை ஒன்றை எடுத்து விளிம்போரமாக உருட்டிவிட்டாள். அது சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஏழு சுற்று. பிறகுதான் மெல்ல உள்ளே போனது.

"பாத்தியே? ஈயத்தில கயிறு கட்டி இருக்கோ? ஈயம் அதைத் தொட்டதோ? இல்லை. போளை தன்ர பாட்டுக்கு நேராத்தான் போகுது. போற இடம் வளைஞ்சு கிடக்கு. பூமி சூரியனைச் சுத்திறதும் இதுதான்."

"அப்ப பெரிய தேங்காய்க்கு ஏன் வளையேல்லை?"

"பருமன்ல என்ன கிடக்கு? கனம்தான் கதை. கனம் கூடக் கூட வளைவும் கூடும்."

"நேரம் எங்க?"

அவள் சிரித்தாள். "அதைச் சீலையில காட்ட ஏலாதடி. வெளியும் நேரமும் ஒண்டாப் பின்னிக் கிடக்கிற சாமான். ஒண்டு வளைஞ்சா மற்றதும் வளையும். கனத்துக்குக் கிட்ட இருக்கிற மணிக்கூடு பிந்தித்தான் ஓடும்."

"இந்த ஈயத்துக்குக் கிட்ட வைச்சாலுமோ?"

"ஓம். எந்தக் கனத்துக்கும்தான். கொஞ்சம் பிந்தும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

அந்த நேரம் பார்த்து அம்மா தண்ணி அள்ளக் கூப்பிட்டார். அக்கா எழும்பிப் போய்விட்டாள். எவ்வளவு என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பா கடற்கரையால் வந்து, "நீர்வாடு திரும்பீட்டுது. நாளைக்கே வலையைப் போடுவம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி வெளியே போனார்.

அப்பாவிடம் சொன்னால் அக்காவுக்கு ஈயம் இல்லை. நாளைக்கு அவள் சிறுநீரகத்தோடு நிற்பாள். அக்காவிடம் சொன்னால் அவளே ஈயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அப்போதும் சிறுநீரகம்தான். ஒருவரிடமும் சொல்லாவிட்டால் அப்பா பாதி ஈயத்தோடு கடலுக்குப் போய் வெறும் வலையோடு வருவார். இதில் எதைச் சொல்வதற்கும் முதலில் வாயைத் திறக்கவேண்டும். வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது "ஓம் டீச்சர்" என்று சொல்லவே எனக்குக் குரல் வராது. இன்றைக்கும் நான் நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசுகிறவள் அல்ல.

அப்போதுதான் மணிக்கூட்டின் யோசனை வந்தது. அந்த நாளில் கடலுக்குப் போகிறவர்கள் விடிய ஆறு மணிக்கு முன்னம் கடற்கரைக் காவல் சென்றியில் பாஸைக் காட்டிப் பேர் பதியவேண்டும். பிந்தினால் அன்றைக்குக் கடல் இல்லை. எங்கள் வீட்டில் நேரம் கொஞ்சம் பிந்திப் போனால் போதும். அப்பா நாளைக்குப் போகமாட்டார். நாளைக்குப் பின்னேரம் ஈயம் வலைக்குத் திரும்பிவிடும். புதன்கிழமை எல்லாம் பழையபடி.

எங்கள் வீட்டு எலாம் மணிக்கூட்டுக்கு ஒரு குணம் இருந்தது. குப்புறப் படுக்க வைத்தால்தான் ஓடும். நேரம் பார்க்கவேண்டுமென்றால் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே குப்புற வைத்துவிட வேண்டும். அது அம்மாவின் தலைமாட்டில் ஒரு முக்காலியில் இருக்கும். ஜெபம் முடிந்து எல்லாரும் பாய் விரித்தபோது, நான் அக்காவின் பையிலிருந்து மேஸை எடுத்துக்கொண்டு போனேன். கனத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதால், மணிக்கூட்டை நிமிர்த்தி ஈயத்தோடு முதுகு முட்டச் சாய்த்து வைத்தேன். பிறகு கர்த்தர் கற்பித்த செபத்தை இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

கண் விழித்தபோது நிலம் வெளித்துவிட்டது. வீட்டில் ஒருவரும் எழும்பவில்லை. மெல்ல ஊர்ந்து போய் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு ஐம்பது. வெளியே விடிந்திருக்க, அதற்குள் இன்னும் நேற்றைய இரவு. கொஞ்சம் பிந்தும் என்றுதான் அக்கா சொன்னவள். இப்படி அடியோடு பிந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேஸை எடுத்து அக்காவின் பைக்குள் வைத்தேன். மணிக்கூட்டைக் குப்புறப் போட்டேன். ஈயம் விலகியதும் அது டிக் டிக் என்று ஓடத் தொடங்கியது. எனக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

பிறகு அம்மா எழும்பினார். அந்தச் சத்தம் சென்றிவரைக்கும் கேட்டிருக்கும்.

"எழும்புங்கோ. எழும்பெண்டால். சூரியன் முதுகில அடிக்குது, மனிசன் கிடக்கிற கிடையைப் பார். நீர்வாடு திரும்பீட்டுதாம். நீங்கள் எப்ப திரும்பிப் படுக்கப்போறியள்?"

அப்பா எழும்பியிருந்து தலையைச் சொறிந்தார். "எலாம் அடிக்கேல்லையே" என்றார்.

"எலாம் அடிக்கேல்லை. என்ர தம்பி எங்க? ஒவ்வொரு நாளும் விடியமுன்னம் வந்து படலையடியில அத்தான், அத்தான் எண்டு கத்திறவன். அவனும் செத்துப்போனானோ?"

மாமாவும் வரவில்லை. ஈயத்தின் கனம் மூன்று வளவு தாண்டி மாமா வீட்டையும் பிடித்துவிட்டது. வளைவு அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. வாசல் படலையடியில் போய் நின்று றோட்டைப் பார்த்தேன். கழுதைகள் மிக மெதுவாக நடந்துகொண்டிருந்தன. எங்கள் கழுதைகள் என்றைக்கும் அப்படித்தான் நடக்கும். ஆனால் அன்றைக்கு அவற்றைப் பார்த்தபோது, இன்னும் எங்கெங்கே எது பிந்தியிருக்கிறதோ என்று எண்ணத் தொடங்கினேன்.

உள்ளே அக்கா அழுதுகொண்டு நின்றாள். பஸ்ஸில் வளையத்தை ஏற்றமாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் விடியவே வெளிக்கிட்டு அதை றோட்டால் உருட்டிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. இனி உருட்டிக்கொண்டு போனால் கண்காட்சி முடிந்துவிடும்.

"அழாதை பிள்ளை" என்றார் அப்பா. "நீ பஸ்ஸில போ. வளையத்தை நான் கொண்டுவாறன். எனக்கு இண்டைக்கு வேற வேலையே?"

அவர் அந்தப் பெரிய வளையத்தை மாலைபோலக் குறுக்கே தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். நான் முன்பாரில் இருந்தேன். வழியில் இரண்டு பேர் மறித்து, "என்ன, வண்டிலைத் துண்டு துண்டா வாங்கிறியளோ?" என்று பகிடி விட்டார்கள். "மற்றத் துண்டு நாளைக்கு" என்றார் அப்பா.

மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்தது கடைசி மூலை. சுற்றிலும் சிறுநீரகங்கள். நான் போளைகளை நீட்ட அக்கா உருட்டினாள். அப்பா வெள்ளைச் சட்டையோடு யன்னலடியில், தான் யாருடையவரும் இல்லை என்பதுபோல நின்றார். நடுவர்கள் இரண்டு பேர். ஒரு டீச்சரும், தடித்த கண்ணாடி போட்ட வயதான சேர் ஒருவரும். அக்கா ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லி முடித்தாள். போளை ஒன்பது சுற்றுச் சுற்றியது.

சேர் குனிந்து சீலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "நல்லது. இந்த ஈயத்தைக் கீழ இழுக்கிறது ஆர்?"

"பூமி சேர்."

"அப்ப வானத்தில, சூரியனுக்குக் கீழ ஒரு பூமி இருந்து சூரியனைக் கீழ இழுக்குதோ?"

அக்காவின் முகத்தில் சிறுநீரகம் தெரிந்தது. பிறகு, "இல்லை சேர்" என்றாள். "அங்க கீழ எண்டு ஒண்டும் இல்லை. இந்தச் சீலை ஒரு சாட்டுத்தான். வளைவு இருக்கெண்டு கண்ணுக்குக் காட்டலாம். கனம் எப்பிடி வளைக்குதெண்டு இதால காட்ட ஏலாது. அது எனக்கும் விளங்கேல்லை."

"நேரமும் வளையுமெண்டு எழுதி வைச்சிருக்கிறீர். அதையும் காட்ட ஏலாதோ?"

"ஏலாது சேர்."

அவர் பேனையை எடுத்தார். அக்காவின் கை சீலையின் விளிம்பைப் பிடித்திருந்தது. அப்போது ஒரு குரல், "ஏலும் சேர்" என்றது. அது என்னுடையது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"எப்பிடி?"

"எங்கட வீட்டு மணிக்கூட்டுக்குப் பக்கத்தில ஈயத்தை வைச்சனான் சேர். நேரம் நிண்டு போச்சுது. ஈயத்தை எடுத்தாப் பிறகு ஓடினது. மாமா வீட்டிலயும் பிந்திப் போச்சுது. அப்பா கடலுக்குப் போகேல்லை."

டீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார். சேர் சிரிக்கவில்லை. "ஏன் பிள்ளை வைச்சனீர்?"

"அது அப்பாட வலை ஈயம் சேர். இண்டைக்கு அவர் போனா வலை மிதக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள். அப்பா அங்கிருந்து இரண்டு அடி வந்தார். பெரிய இடங்களில் அவருக்கும் பேச்சு வராது. என் பயந்த குணம் அவரிடமிருந்து வந்ததுதான். "அது பழைய ஈயம் சேர்" என்றார். "கழிச்சு விட்டது. தேவையில்லாததுதான்." சொல்லிவிட்டுத் திரும்பப் போய் யன்னலடியில் நின்றுகொண்டார்.

சேர் என்னிடம் குனிந்து, "நீர் சொன்னது பிழையில்லை" என்றார். "ஈயத்துக்குக் கிட்ட நேரம் பிந்தத்தான் செய்யும். ஆனா இவ்வளவு சின்ன ஈயத்துக்கு அது பிந்திறதை ஒருத்தராலும் அளக்க ஏலாது. உங்கட மணிக்கூட்டுக்கு வேற ஏதோ வருத்தம்." பிறகு அக்காவிடம், "விளங்கேல்லையெண்டு சொன்னீர் பாரும், இண்டைக்கு முழுக்க ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லேல்லை" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

எங்களுக்கு இடமொன்றும் கிடைக்கவில்லை. உவர்த்தண்ணியை வெயிலில் நல்ல தண்ணியாக்கும் பெட்டிக்கு முதலிடம் கொடுத்தார்கள். எங்கள் ஊர்த் தண்ணியைக் குடித்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அந்தச் சேர் தனியாகத் திரும்பி வந்தார். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு போளையாக எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிபர் ஆள் அனுப்பிக் கூப்பிடும்வரை போகவில்லை. அக்காவை அதன் பிறகு சிறுநீரகம் செய்யச் சொன்னதும் இல்லை.

அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் வேலியடியில் இருந்து ஈயத்தைத் திருப்பிக் கட்டினோம். அக்கா என்னோடு பேசவில்லை. நாலைந்து ஈயம் கட்டிய பிறகு, "எடி விசரி, மாமா வீட்டிலயும் பிந்தினதோ" என்று கேட்டுவிட்டு அடக்கமுடியாமல் சிரித்தாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்குக் கடலில் நல்ல நண்டு என்று அயலில் பேசிக்கொண்டார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி வருசக்கணக்காக அப்பாவைக் குத்திக்காட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "நீர்வாடு திரும்பின அண்டைக்குப் பார்த்துக் குறட்டை விட்ட மனிசன்" என்பார். அப்பா தலையைச் சொறிவார், அல்லது தேத்தண்ணி கேட்பார். ஒருநாளும் மணிக்கூட்டைக் குறை சொல்லவில்லை. அவர் வாங்கும் ஒவ்வொரு ஏச்சுக்கும் நான்தான் காரணம் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும்.

அக்கா இப்போது வவுனியாவில் கணிதம் படிப்பிக்கிறாள். நான் சாதாரணதரத்தோடு நின்றுவிட்டேன். போன வருசம் அவளுடைய மகனின் முதல்நன்மைக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, அம்மா மறுபடியும் அந்தக் குறட்டைக் கதையை எடுத்தார். அப்பா வழக்கம்போலத் தேத்தண்ணி கேட்டார். பக்கத்தில் இருந்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை, அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, இனியாவது அந்தாளை விடுங்கோவன். அதுக்கு முதல்நாள் பின்னேரமே என்னைத் தேடிக் கடற்கரைக்கு வந்தவர். நாளைக்கு வந்து கூப்பிடாதை, நாங்கள் போகேல்லை எண்டவர். அடிக்கயிற்றைத் தடவிப் பாத்தாராம். ஈயம் கழண்ட இடமெல்லாம் சப்பாத்து நூல் கட்டுறமாதிரிப் பூ முடிச்சுப் போட்டுக் கிடந்ததாம். சின்னவளின்ர வேலை, பெரியவளுக்காகத்தான் செய்திருப்பாள், நாளைக்கு வளையத்தை ஆர் கொண்டுபோறது எண்டும் கேட்டவர்."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை அப்பாவிடம் நீட்டினார். "அப்ப எலாம்?" என்றார்.

"இவர் எண்டைக்கு எலாம் கேட்டு எழும்பினவர்?" என்றார் மாமா. அப்பா தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கும் அப்பாவுக்கும் இல்லை. ஆனால் அன்றைக்கு விடிய, அம்மா எழும்புவதற்கு முன்னம், மேஸை எடுத்துக்கொண்டு திரும்பும்போது நான் அப்பாவைப் பார்த்திருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை தலைவரை இருந்தது. வெளியே நீட்டியிருந்த காலின் பெருவிரல் மட்டும் மேலும் கீழும், மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. நேரம் மெதுவாகப் போகும்போது நித்திரையில் இருப்பவர்களுக்குக் கால் இப்படித்தான் ஆடும் போலிருக்கிறது என்று நினைத்து, சத்தம் போடாமல் அவரைத் தாண்டிப் போனேன்.